றோட்டோடு நின்ற சட்டங்கள்: கூட்டரசாங்க விட்டுக்கொடுப்புகளும் மட்டக்களப்பின் வயற்கூலியும்

கார்த்திகை மாதத்து விடியப்புறம். குருமண்வெளித் துறையில் பாதை காத்து நின்றது. மட்டக்களப்பில் பாதை என்றால் வாவியைக் கடக்கிற மிதவை. இந்தக் கரை எழுவான்கரை, அந்தக் கரை படுவான்கரை. வயல்கள் பெரும்பாலும் அந்தக் கரையில். அவற்றின் சொந்தக்காரர் பலர் இந்தக் கரையில். களை பிடுங்கப் போகிற பெண்கள் ஏழெட்டுப் பேர் சோற்றுப் பெட்டியோடும், புடவைக்கு மேல் போட்ட பழைய நீளக்கைச் சட்டையோடும் ஏறினார்கள். அவர்களில் ஒருவர் எனக்குத் தூரத்து உறவில் மாமி முறை. குறைந்தபட்சச் சம்பளத்தைக் கூட்டிச் சட்டம் திருத்தியிருக்கிறார்கள் என்று பேச்செடுத்தேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சட்டமெல்லாம் றோட்டோட நிண்டிரும் மனே. வட்டைக்குள்ள வராது."

வட்டை என்பது எங்கள் பக்கத்தில் வயல்வெளி. மாமி சொன்னது உண்மை. ஏன் வராமல் நின்றது என்று தேடிக்கொண்டு போனால், காரணம் தொழில் திணைக்களத்தின் வாசலில் இல்லை. அது கொழும்பில், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத கட்சிகள் சேர்ந்து அமைத்த அமைச்சரவைகளின் மேசையில் இருக்கிறது. இலங்கையில் தொழிலாளருக்கும் உழவருக்கும் வந்த பெரிய சட்டங்களில் பல கூட்டரசாங்கங்கள் கொண்டுவந்தவை. அவற்றில் பலவற்றை நறுக்கியதும் அதே கூட்டரசாங்கங்கள்தான். எதை நறுக்கினார்கள், எதை விட்டுவைத்தார்கள் என்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. மேசையில் ஆள் இல்லாதவனின் பங்குதான் முதலில் குறையும்.

1958ஆம் ஆண்டிலிருந்து தொடங்க வேண்டும். 1956இல் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவின் தலைமையில் ஆட்சிக்கு வந்த மக்கள் ஐக்கிய முன்னணி, சுதந்திரக் கட்சியையும் பிலிப் குணவர்தனவின் இடதுசாரிக் கட்சியையும் டபிள்யூ. தஹநாயக்கவின் அணியையும் ஒரே கூரைக்குள் வைத்திருந்தது. அந்த அமைச்சரவை 1958இல் இரண்டு சட்டங்களைக் கொண்டுவந்தது. ஒன்று ஊழியர் சேமலாப நிதிச் சட்டம், தொழில் அமைச்சராக இருந்த ரி.பி. இலங்கரத்னவுடையது. மற்றது நெற்காணிச் சட்டம், விவசாய அமைச்சர் பிலிப் குணவர்தனவுடையது.

சேமலாப நிதி இன்றும் உயிரோடு இருக்கிறது. சம்பளத்தில் தொழிலாளியின் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். அந்தச் சட்டத்தின் பின்னால் துறைமுகத்திலும் தோட்டத்திலும் வங்கியிலும் பலமான தொழிற்சங்கங்கள் நின்றன. எதிரே நின்றவர்கள் கொழும்பு நிறுவன முதலாளிமார். அமைச்சரவைக்குள் அந்தச் சட்டத்தால் சொந்த வீட்டில் அடி விழப்போகிறவர்கள் அதிகம் இல்லை.

நெற்காணிச் சட்டத்தின் கதை வேறு. அது குத்தகை உழவனை நினைத்தபடி எழுப்பிவிட முடியாது என்றது. விளைச்சலில் காணிக்காரன் எடுக்கும் பங்குக்கு வரம்பு போட்டது. ஊருக்கு ஊர் பயிர்ச்செய்கைக் குழு அமைக்கச் சொன்னது. இது தொட்டது அமைச்சரவைக்குள்ளேயே இருந்த காணிக்காரர்களையும், அவர்களுக்குத் தேர்தலில் ஆள் சேர்த்துக் கொடுத்த கிராமத்துப் பெரியவர்களையும். வரைவிலேயே இழுபறி தொடங்கியது. சட்டம் சபையில் நிறைவேறியபோது பிலிப் குணவர்தன நினைத்ததைவிட மிகவும் நீர்த்திருந்தது. நாடு முழுவதும் ஒரே நாளில் அமுலுக்கு வராமல், மாவட்டம் மாவட்டமாகப் படிப்படியாக வந்தது. அந்த இடைவெளி காணிக்காரனுக்குக் கிடைத்த அவகாசம். நாட்டின் பல பகுதிகளில் குத்தகை உழவர்கள் கூட்டம் கூட்டமாக எழுப்பப்பட்டார்கள். 1959இல் வலதுசாரி அமைச்சர்கள் பிலிப் இருக்கும் அமைச்சரவைக் கூட்டத்துக்கு வரமாட்டோம் என்று புறக்கணிப்புச் செய்தார்கள். பண்டாரநாயக்க இறங்கிப் போனார். பிலிப்பின் பொறுப்புகள் குறைக்கப்பட்டன. அந்த மே மாதத்தில் அவர் அரசாங்கத்தை விட்டு வெளியேறினார். சட்டம் ஏட்டில் இருந்தது, அதை நடத்த நினைத்தவர் வெளியே நின்றார்.

எங்கள் ஊரில் இது எப்படி வந்து விழுந்தது என்பதை என் அம்மப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். மட்டக்களப்பில் பெருநிலக்காரரைப் போடியார் என்போம். அவருக்குக் கீழே வயலை நின்று நடத்துகிறவர் முல்லைக்காரர். அவரோடு பங்குக்கு வேலை செய்கிறவர்கள் வயற்காரர்கள். அம்மப்பா ஒரு போடியாரின் வயலில் முல்லைக்காரராக இருந்தவர். விதைநெல், சாப்பாட்டு நெல், கடன் எல்லாம் போடியார் வீட்டிலிருந்து வரும். சூடு மிதித்ததும் களத்திலேயே கழிபடும். கடுமையான ஏற்பாடுதான். ஆனாலும் விளைச்சலில் பங்கு என்று ஒன்று இருந்தது. நெற்காணிச் சட்டம் வருகிறது என்ற பேச்சு அடிபட்ட போகத்தில் போடியார் கூப்பிட்டுச் சொன்னாராம், இனிமேல் பங்கு இல்லை, நாளுக்கு இவ்வளவு என்று கூலி. உழவன் என்று பதிவானால் உரிமை வந்துவிடும். கூலிக்காரனுக்கு அந்தச் சட்டத்தில் உரிமை கிடையாது. உழவனைக் காக்க எழுதின சட்டம், நறுக்கப்பட்டுத் தாமதப்பட்டு வந்ததால், அம்மப்பாவைக் கூலிக்காரனாக்கியது. நான் இந்த விடயத்தை விடாமல் பற்றிக்கொண்டிருப்பதற்கு அதுதான் காரணம்.

அதே கூட்டரசாங்கம் எங்கள் காணியில் இன்னொரு விட்டுக்கொடுப்பையும் செய்தது. 1957 ஜூலையில் தமிழரசுக் கட்சித் தலைவரோடு எழுதப்பட்ட பண்டாரநாயக்க–செல்வநாயகம் உடன்படிக்கை, குடியேற்றத் திட்டங்களில் யாருக்குக் காணி கொடுப்பது என்று தெரிவுசெய்யும் அதிகாரத்தைப் பிராந்திய சபைகளுக்குத் தர இருந்தது. கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத்தை நடத்திய கல்லோயாச் சபையின் ஆளுகைக்குள் இருந்த பகுதி பற்றி மட்டும் மேலும் ஆராய வேண்டும் என்று அதில் எழுதி வைத்தார்கள். ஆராய நாள் வரவில்லை. 1958 ஏப்ரலில் உடன்படிக்கையே கிழிந்தது. 1965இல் ஏழு கட்சிகள் சேர்ந்த டட்லி சேனநாயக்கவின் தேசிய அரசாங்கம் மாவட்ட சபை தருவதாகச் சொல்லி, 1968இல் சொந்தக் கட்சிக்குள் எழுந்த எதிர்ப்புக்குப் பயந்து அதைக் கைவிட்டது. வயலுக்குத் தண்ணீரும் காணியும் யார் கையில் என்பதைத் தவிர்த்துவிட்டு எங்கள் மாவட்டங்களில் பொருளாதாரச் சீர்திருத்தம் பற்றிப் பேச முடியாது. அதனால்தான் இவற்றையும் இந்தக் கணக்கில் சேர்க்கிறேன்.

கூட்டரசாங்கத்துக்குள் ஒரு சீர்திருத்தம் தேய்கிற விதத்தை விளங்கிக்கொள்வது கடினம் இல்லை. சபையில் வாக்கெடுத்துத் தோற்கடித்தால் யார் கவிழ்த்தது என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால் பங்காளிகள் அதைச் செய்வதில்லை. வரைவை ஓர் அமைச்சரவை உபகுழுவுக்கு அனுப்புவார்கள். உபகுழு தொழிற்சங்கங்களையும் முதலாளிமார் சங்கத்தையும் அழைத்துப் பேசும். பேச்சு முடிவதற்குள் வரவு செலவுத் திட்டம் வரும், அல்லது ஒரு தேர்தல் வரும். தப்பி வந்தால் குழுநிலையில் ஒரு வாசகம் மாறும்: "இத்தனை பேருக்கு மேல் வேலை செய்யும் இடங்களில்" என்று ஒரு வரி, அல்லது "அமைச்சர் வர்த்தமானியில் குறிக்கும் நாளிலிருந்து" என்று ஒரு வரி. இப்படிப்பட்ட ஒரு வரியில் லட்சக்கணக்கான ஆட்கள் வெளியே போய்விடுவார்கள்.

1971இன் வேலை முடிவுறுத்தல் சட்டத்தை எடுங்கள். சுதந்திரக் கட்சியும் சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் சேர்ந்த ஐக்கிய முன்னணி கொண்டுவந்தது. ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை வேலையிலிருந்து நிறுத்த வேண்டுமென்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும் என்கிறது. தொழிலாளருக்குப் பெரிய பாதுகாப்பு. ஆனால் 15 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்குப் பொருந்தாது. மட்டக்களப்புக் கடைத்தெருவிலும் கல்முனை பசாரிலும் நடந்து பாருங்கள். எத்தனை கடையில் 15 பேர் நிற்கிறார்கள்? முதலீட்டாளரும் அரை நூற்றாண்டாக இந்தச் சட்டத்தைக் குறை சொல்லி வருகிறார்கள், ஆள் எடுக்கத் தயங்க வைக்கிறது என்று. இரண்டு பக்கமும் திருப்தி இல்லை. ஆனாலும் அடிப்படை மாறவில்லை. நட்டஈட்டுச் சூத்திரம் ஒன்று 2005இல் சேர்ந்தது, அதன் உச்சத் தொகை 2021இல் 25 லட்சமாக உயர்ந்தது. அதற்கு மேல் கை வைக்க எந்தக் கூட்டரசாங்கத்துக்கும் துணிவு வரவில்லை.

இனி எங்கள் பக்கத்துக் கட்சிகள் இந்தப் பேரத்தில் கேட்டது என்ன என்று பார்க்க வேண்டும்.

வாழைச்சேனைக் காகித ஆலை அப்படி வந்த ஒன்று. 1948இல் ஜி.ஜி. பொன்னம்பலம் தமிழ்க் காங்கிரஸோடு டி.எஸ். சேனநாயக்கவின் அரசாங்கத்தில் சேர்ந்து கைத்தொழில் அமைச்சரானார். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை, வாழைச்சேனைக் காகித ஆலை மூன்றும் அவர் காலத்துத் திட்டங்கள். வாழைச்சேனை 1950களின் நடுவில் உற்பத்தி தொடங்கி, வயலில் எரித்துப் போடுகிற வைக்கோலைக் காகிதமாக்கியது. மாதச் சம்பளம், சேமலாப நிதி, ஓய்வூதிய வயது என்பவற்றை ஒரு தலைமுறைக்கு அறிமுகப்படுத்தியது அந்த ஆலைதான். அதன் மறுபக்கத்தில், தோட்டங்களில் வேலை செய்த மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டங்களின் காலத்தில் அந்த அமைச்சுப் பதவி பெறப்பட்டது. அதனால் 1949இல் கட்சி உடைந்து தமிழரசுக் கட்சி பிறந்தது. ஒரு ஆலை கிடைத்தது. நாட்டின் மிகப் பெரிய தொழிலாளர் கூட்டம் வாக்குரிமை இழந்தது. இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியவில்லை.

1994ஐ எடுங்கள். சந்திரிகா குமாரதுங்கவின் பொதுசன ஐக்கிய முன்னணிக்கு 105 ஆசனங்கள். 225 பேர் கொண்ட சபையில் 113 வேண்டும். முஸ்லிம் காங்கிரஸின் 7, மலையக மக்கள் முன்னணியின் 1 சேர்ந்து அந்த 113 வந்தது. ஒருவர் மனம் மாறினால் ஆட்சி ஆடும். முஸ்லிம் காங்கிரஸின் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரஃப் அந்த நிலையை நன்றாகப் பயன்படுத்தினார். துறைமுகங்கள், புனர்வாழ்வு அமைச்சைப் பெற்றார். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகவும் 1996இல் முழுப் பல்கலைக்கழகமாகவும் அம்பாறைக் கரையோரத்துக்கு வந்தது. போர்க்காலத்தில் வேறு எங்கும் போய்ப் படிக்க முடியாமல் நின்ற பிள்ளைகளுக்கு அது என்ன செய்தது என்பதை ஒலுவில் பக்கம் போய்க் கேட்டால் தெரியும். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். அவர் கனவு கண்ட ஒலுவில் துறைமுகம் அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்டது. கடல் அரித்துக் கரையைத் தின்றது, துறைமுக வாயை மணல் மூடியது, தென்னந்தோப்புகள் போயின, மீனவருக்கு அது எதிர்பார்த்தபடி கைகொடுக்கவில்லை.

அதே 1994 அரசாங்கம் தொழிலாளருக்கும் ஒரு வாக்குறுதி கொடுத்திருந்தது. தொழில் அமைச்சராக இருந்த மகிந்த ராஜபக்ஷ தொழிலாளர் சாசனம் ஒன்றை முன்வைத்தார். சங்கம் அமைக்கும் உரிமை, கூட்டுப் பேரம், வேலைப் பாதுகாப்பு எல்லாம் அதில் இருந்தன. இடதுசாரிக் கட்சிகள் அரசாங்கத்துக்குள்ளேயே இருந்தன. ஆனால் அதே அரசாங்கம் தோட்டங்களையும் எரிவாயுவையும் தொலைத்தொடர்பையும் தனியாருக்கு விற்றுக்கொண்டும் இருந்தது. முதலீட்டாளர் சாசனத்தை எதிர்த்தார்கள். சாசனம் சட்டமாகவில்லை. 1997இல் அமைச்சர் கடற்றொழில் அமைச்சுக்கு மாற்றப்பட்டார். மிஞ்சியது 1999இன் கைத்தொழில் பிணக்குகள் திருத்தச் சட்டம்: ஓர் இடத்தில் 40 வீதத் தொழிலாளரைக் கொண்ட சங்கத்தை முதலாளி அங்கீகரித்துப் பேச வேண்டும் என்கிறது. இது நல்ல சட்டம், சங்கம் உள்ள இடத்தில். படுவான்கரையில் களை பிடுங்கும் பெண்களுக்குச் சங்கம் ஏது? 40 வீதத்தை எந்தத் தொகையிலிருந்து கணக்கெடுப்பது?

113இல் எங்கள் மாவட்டத்து வாக்குகளின் பலம் இருந்தது. அந்தப் பலம் சாசனத்துக்காக ஒரு தடவையாவது மேசையைத் தட்டியிருந்தால் என்று எனக்குத் தோன்றும். தட்டவில்லை. ஏன் என்பதைக் கட்சிக்காரர்களைத் திட்டித் தீர்க்காமல் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

தமிழ்க் கட்சி ஆனாலும் முஸ்லிம் கட்சி ஆனாலும், எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு கட்சியும் தனக்குள்ளேயே ஒரு கூட்டணி. வயல்காரரும் அவரிடம் கூலிக்குப் போகிறவரும் ஒரே சின்னத்துக்கு வாக்குப் போடுகிறார்கள். அரிசி ஆலைக்காரரும் அங்கே மூட்டை தூக்குகிறவரும், ஒப்பந்தக்காரரும் அவரிடம் மண் வெட்டுகிறவரும் அப்படித்தான். இனத்தின் பேரில், காணி பறிபோகிறது என்ற பயத்தின் பேரில், போர் தந்த காயத்தின் பேரில் அவர்கள் ஒன்றாக நிற்கிறார்கள். நிற்க வேண்டிய காரணங்கள் பொய்யானவை அல்ல. ஆனால் கூலி என்ற பேச்சை எடுத்த உடனே அந்த வாக்குப் பெட்டி இரண்டாகப் பிளக்கும். தேர்தலுக்கு வாகனம் தருகிறவர் வயல்காரர்; வாகனத்தில் ஏறிப் போய் வாக்களிக்கிறவர் கூலிக்காரர். கட்சி இருவருக்கும் சேர்த்து ஒன்றைக் கேட்கிறது: ஒரு கட்டடம், ஒரு வீதி, ஒரு பாலம், பிள்ளைகளுக்கு அரச நியமனம். இருவரும் மகிழ்வார்கள். ஆக, கொழும்பில் நடக்கிற விட்டுக்கொடுப்புக்கு முன்னாலேயே ஊரில் ஒரு விட்டுக்கொடுப்பு நடந்து முடிந்துவிடுகிறது. கூலிக்காரரின் கோரிக்கை புகையிரதம் ஏறுவதற்கு முன்பே நின்றுபோகிறது.

தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு அமைச்சுப் பதவி எடுக்காமல் 2015க்குப் பின் வெளியே இருந்து ஆதரவு தந்தது. அதன் பட்டியலில் முன்னுக்கு நின்றவை புதிய அரசியலமைப்பு, காணி விடுவிப்பு, கைதிகள், காணாமல் ஆக்கப்பட்டோர். ஒவ்வொன்றும் உயிர்ப் பிரச்சினை. நாட்கூலி அந்த வரிசையில் நிற்கவில்லை. இரண்டு ஆதரவுக் கட்சிகள் எதிரெதிராக நின்றால் அரசாங்கம் என்ன செய்யும் என்பதற்குக் கல்முனை வடக்குப் பிரதேச செயலகம் சாட்சி. தமிழ்த் தரப்பு அதை முழுத் தரச் செயலகமாக உயர்த்தச் சொன்னது, முஸ்லிம் தரப்பு எதிர்த்தது, இரு தரப்பின் வாக்கும் அரசாங்கத்துக்கு வேண்டியிருந்தது. 2019இல் உண்ணாவிரதம் வரை போயும் தீர்வு தள்ளித்தான் போனது.

2004–2005 பற்றி இரண்டு வார்த்தை. சுனாமியில் நாட்டிலேயே அதிகம் இழந்தது அம்பாறை மாவட்டம். உதவியைப் பகிர்வதற்காக விடுதலைப் புலிகளோடு பொதுக் கட்டமைப்பு உடன்பாட்டில் அரசாங்கம் கையெழுத்திட்டது 2005 ஜூன் 24. 39 ஆசனங்களோடு அந்த அரசாங்கத்தில் இருந்த மக்கள் விடுதலை முன்னணி அதற்கு எட்டு நாளுக்கு முன் வெளியேறியது. அடுத்த மாதம் உயர் நீதிமன்றம் உடன்பாட்டின் முக்கியப் பகுதிகளை இடைநிறுத்தியது. உடன்பாட்டில் தங்களைத் தரப்பாகச் சேர்க்கவில்லை என்ற முஸ்லிம் மக்களின் குறையும் நியாயமானது. வள்ளமும் வலையும் இழந்தவன் கொட்டிலுக்குள் இருந்து செய்தி கேட்டான்.

2015 முதல் 2019 வரை இருந்த நல்லாட்சியை, அதாவது ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் சுதந்திரக் கட்சியும் பிரதமர் ரணில் விக்ரமசிங்கவின் ஐக்கிய தேசியக் கட்சியும் சேர்ந்த அரசாங்கத்தைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம், ஏனென்றால் கூட்டரசாங்க விட்டுக்கொடுப்பின் எல்லா வடிவமும் அதில் இருக்கிறது.

அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம் அமைச்சரவையை 30 பேருக்கு மட்டுப்படுத்தியது. தேசிய அரசாங்கம் அமைத்தால் அந்த எல்லையைப் பாராளுமன்றம் கூட்டலாம் என்று அதே திருத்தத்தில் ஒரு வாசல் வைத்தார்கள். 2015 செப்டெம்பரில் அந்த வாசல் வழியாக எல்லை 48 அமைச்சர்களாக உயர்ந்தது. இத்தனை பேருக்குக் கொடுக்க விடயங்களைப் பிய்க்க வேண்டியிருந்தது. நிதி ஒருவரிடம், மத்திய வங்கி பிரதமரின் அமைச்சின் கீழ், முதலீடும் சர்வதேச வர்த்தகமும் வேறொருவரிடம், அரச தொழில்முயற்சிகள் இன்னொருவரிடம். இவை ஐக்கிய தேசியக் கட்சி பக்கம். தொழில் அமைச்சும் விவசாய அமைச்சும் சுதந்திரக் கட்சி பக்கம். முதலீட்டைக் கொண்டுவருகிறவருக்குத் தொழில் சட்டம் தளர வேண்டும். தொழில் அமைச்சை வைத்திருப்பவருக்குத் தொழிற்சங்கங்களின் கோபம் வேண்டாம். இருவரும் வேறு வேறு தலைவருக்குக் கணக்குக் கொடுக்கிறவர்கள். பெரிய சட்டம் எதுவும் அசையாததில் வியப்பு இல்லை.

அசைந்த ஒன்று தேசிய குறைந்தபட்சச் சம்பளச் சட்டம், 2016இன் 3ஆம் இலக்கம். நாட்டில் முதல் தடவையாக எல்லாத் துறைக்கும் பொதுவான ஒரு கீழ்மட்டம்: மாதம் 10,000 ரூபா, நாளுக்கு 400 ரூபா. அப்படி ஒன்று வந்ததே பெரிய காரியம். ஆனால் தொகையைப் பாருங்கள். அந்த நாளில் எங்கள் பக்கத்தில் களை பிடுங்கப் போன பெண்ணுக்கே 400ஐ விடக் கூடத்தான் கிடைத்தது. ஒரு முதலாளியையும் நோகடிக்காத இடத்தில் கோடு போடப்பட்டது. அதனால்தான் எல்லாப் பக்கமும் அது சுலபமாக ஏற்கப்பட்டது.

பசளை மானியத்தின் கதை இன்னும் கிட்ட நின்று பார்க்க வேண்டியது. 2005இலிருந்து நெல் விவசாயிக்கு 50 கிலோப் பசளை மூட்டை 350 ரூபாவுக்குக் கிடைத்தது. திறைசேரிக்குப் பெரும் சுமை. அளவுக்கு மிஞ்சிப் போடவும் வைத்தது. 2016இல் அதைக் காசாக மாற்றினார்கள்: ஹெக்டேயருக்கு ஆண்டுக்கு 25,000 ரூபா, 2 ஹெக்டேயர் வரை, வங்கிக் கணக்குக்கு. சீர்திருத்தமாகப் பார்த்தால் நியாயம் இருக்கிறது. ஆனால் காசு யார் கணக்குக்கு? கமநல சேவை நிலையத்தின் பதிவேட்டில் பெயர் உள்ளவரின் கணக்குக்கு. எங்கள் பக்கத்தில் வயல் செய்கிற பலர் ஒரு போகத்துக்கு மட்டும் வாய்ப்பேச்சில் குத்தகை எடுத்தவர்கள். அவர்கள் பெயர் பதிவேட்டில் வராமல் பார்த்துக்கொள்கிற வழக்கம் 1958லிருந்து தொடர்கிறது. பதிந்தால் உரிமை வந்துவிடுமே என்ற அதே பயம். மூட்டை மானியமாக இருந்தபோது வயலில் இறங்கியது பசளை. காசானபோது அது இடையில் நின்றுவிடும் ஆபத்து வந்தது. முதலில் குத்தகைப் பதிவைச் சரிசெய்துவிட்டு மானியத்தை மாற்றியிருந்தால் சீர்திருத்தம் நிலைத்திருக்கும். அது பழைய நெற்காணிச் சண்டையை மறுபடி கிளப்பும் வேலை, அதைத் தொட யாரும் முன்வரவில்லை. உள்ளூராட்சித் தேர்தல் நடந்த 2018இலேயே காசு மானியம் கைவிடப்பட்டு மூட்டை 500 ரூபாவுக்குத் திரும்பியது.

வற் வரியும் அப்படித்தான் தடுமாறியது. 11இலிருந்து 15 வீதமாக 2016 மே மாதத்தில் உயர்த்தினார்கள். உரிய முறையில் சட்டமாக்காததால் உயர் நீதிமன்றம் நிறுத்தியது. நவம்பரில் மறுபடி வந்தது. எரிபொருள் விலைச் சூத்திரம் 2018 மே மாதத்தில் வந்து, ஒக்டோபர் 26இல் கூட்டரசாங்கம் இரண்டாக உடைந்ததும் சில நாட்களில் ஓரம் கட்டப்பட்டது.

இவ்வளவையும் படித்துவிட்டு, கூட்டரசாங்கமே வேண்டாம், தனிப்பெரும்பான்மைதான் நல்லது என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன். 2020இல் மூன்றில் இரண்டைத் தொட்ட அரசாங்கம் வந்தது. பங்காளிக்குப் பயப்படத் தேவையில்லை. 2021 மே மாதத்தில் ஒரு வர்த்தமானியில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியது. உபகுழு இல்லை, இழுபறி இல்லை, தாமதம் இல்லை. அந்தப் பெரும்போகத்தில் சம்மாந்துறையிலும் வெல்லாவெளியிலும் மஞ்சளாகிக் கிடந்த பயிரைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். வெளியேறுவேன் என்று மிரட்டக்கூடிய ஒரு விவசாயப் பங்காளி அந்த அமைச்சரவையில் இருந்திருந்தால் அந்த வர்த்தமானி அப்படியே வந்திருக்காது. விட்டுக்கொடுப்பு என்பது பிரேக். அது யார் காலடியில் இருக்கிறது என்பதுதான் என் கவலை.

2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்கள் எடுத்தது. மட்டக்களப்பு மட்டும் அது முதலிடம் பெறாத மாவட்டம். அங்கே தமிழரசுக் கட்சிக்கு 3, முஸ்லிம் காங்கிரஸுக்கு 1, தேசிய மக்கள் சக்திக்கு 1. பேரம் பேச இடம் குறைந்த காலம். கிழக்கு மாகாண சபையும் 2017 செப்டெம்பர் 30உடன் முடிந்து, தேர்தல் இல்லாமல் கிடக்கிறது. விவசாயமும் கமநலமும் மாகாணப் பட்டியலில் உள்ளவை. 2015இல் அங்கே முஸ்லிம் காங்கிரஸும் கூட்டமைப்பும் சேர்ந்து ஆண்டபோது குத்தகைப் பதிவை ஒழுங்காக்க ஒரு வாய்ப்பு இருந்தது, காலம் போதவில்லை. குறைந்தபட்ச நாட்சம்பளம் 2025 ஏப்ரலில் 1,080 ரூபாவாகவும் 2026 ஜனவரியிலிருந்து 1,200 ரூபாவாகவும் உயர்ந்திருக்கிறது. இது 2016ஐப் போல் பேருக்குப் போட்ட தொகை இல்லை. ஆனால் களையெண்ணெய் என்கிற களைகொல்லி மருந்தும் வெட்டு மெசினும் வந்த பிறகு பெண்களுக்கு வட்டையில் கிடைக்கிற நாட்களே குறைந்துவிட்டன. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வரம்பில் வேறு வேறு கூலி என்ற வழக்கமும் போகவில்லை. கூலியைக் கேட்டு வாங்க ஓர் இடம் இல்லாமல் தொகையை மட்டும் கூட்டினால் அது றோட்டோடுதான் நிற்கும்.

ஓர் இடம் இருந்தால் என்ன நடக்கும் என்பதை என் அக்காவின் விடயத்தில் பார்த்தேன். நகரத்தில் ஒரு புடவைக் கடையில் ஒன்பது வருடம் நின்றாள். சம்பளத்தில் 8 வீதம் கழித்தார்கள், கட்டவில்லை. தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுத்தாள். அடையாள அட்டை, சம்பளத் துண்டுகள், கடையின் பெயரும் முகவரியும் கேட்டார்கள். ஒன்றேகால் வருடம் அலைந்தாள். கடைசியில் தவணை தவணையாக முழுக் காசும் வந்தது. 1958இல் நறுக்கப்படாமல் தப்பிய சட்டத்தின் பலம் அது.

அந்த நம்பிக்கையில் பாதையில் கண்ட மாமியிடமும் ஒரு நாள் கேட்டேன், வேலை செய்ததற்கு ஏதாவது எழுத்து இருக்கிறதா என்று. வீட்டுக்குள் போய் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியை எடுத்து வந்தார். பேத்தி கோடு போட்டுக் கொடுத்திருக்கிறாள். திகதி, வட்டையின் பெயர், வயல்காரரின் பெயர், களையா வரம்பா, தந்த காசு, தர இருக்கிற காசு. இரண்டு பெரும்போகமும் ஒரு சிறுபோகமும் அதில் இருந்தன. முறைப்பாட்டுப் படிவம் ஒன்றை நான் கொண்டு போயிருந்தேன். அதில் வேலை தருநரின் பெயரும் முகவரியும் எழுத ஒரு கட்டம் இருந்தது. மாமியின் கொப்பியில் பதினேழு பெயர்கள் இருந்தன. எதை எழுதுகிறது மனே என்று கேட்டார்.